அன்ட்ரூவுக்கு எழுதிய குறிப்பும் நாம் எழுத வேண்டிய குறிப்பும்

ஷெஹான் கருணாதிலகவின் நாவலுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. 2020இல் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்தது முதலாவது. 2022இல் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா' என்ற பெயரில் லண்டனில் சோர்ட் ஒஃப் புக்ஸ் வெளியிட்டது இரண்டாவது. அதே ஆண்டு ஒக்டோபரில் புக்கர் பரிசு இரண்டாவதற்கே கிடைத்தது. இடையில் என்ன நடந்தது? இலங்கை அரசியலும் நம் நாட்டுப் பேய் பூதங்களும் வெளிநாட்டு வாசகருக்குப் பிடிபடவில்லை. ஆகவே பதிப்பாசிரியர் நட்டானியா ஜான்ஸுடன் சேர்ந்து நாவலைத் திருத்தி எழுதியதாக ஆசிரியரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். விளக்கவுரை வழக்கமாக நூலுக்கு வெளியே, பக்கத்தின் அடியில் நிற்கும். இங்கே அது நூலுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

புகுந்த விளக்கம் யாருக்கானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. லண்டன் வாசகனுக்குப் புரியும்படி திருத்தப்பட்ட ஒரு நாவலைத் திருகோணமலையில் இருந்து வாசிக்கிற தமிழ் பேசும் முஸ்லிம், அதற்கு எந்த வகையான குறிப்பை எழுத வேண்டும்? அகராதி பார்த்துச் சொற்பொருள் எழுதினால் போதுமா?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலி அல்மெய்தா கொழும்பில் வாழும் போர்ப் புகைப்படக்காரன். சூதாடி. ஆண்களோடு தனக்குள்ள உறவை ஊருக்கு மறைத்து வாழ்பவன். தகப்பன் சிங்களவர், தாய் வழியில் பறங்கி இரத்தமும் தமிழ் இரத்தமும் உண்டு. காலம் 1990. கண் விழிக்கிறபோது தான் செத்துப்போனதை அவன் அறிகிறான். மறு உலகம் வரிசையும் படிவமுமாக ஒரு அரசாங்கக் கந்தோர் மாதிரி இருக்கிறது. அவனுக்குத் தரப்பட்ட தவணை ஏழு நிலவு, அதாவது ஏழு இரவு. அதற்குள் தன்னைக் கொன்றது யாரென்று அறிய வேண்டும். கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த புகைப்படங்களை நண்பர்கள் கையில் சேர்க்க வேண்டும். 83 ஜூலையின் படங்களும் அவற்றுள் உண்டு. அவனுடைய உடலோ துண்டாடப்பட்டுப் பேர வாவியில் கிடக்கிறது.

கடிதத்தில் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

நாவலின் தொடக்கப் பகுதியில் ஒரு கடிதம் வருகிறது. அன்ட்ரூ மெக்கோவன் என்ற அமெரிக்க ஊடகவியலாளனுக்காக மாலி எழுதிக் கொடுத்த குறிப்பு அது. வெளியாளுக்கு இந்த நாட்டுச் சண்டை குழப்பமாகத் தெரியும், பெரிய சிக்கல் ஒன்றுமில்லை என்று தொடங்கி, எல்ரீரீஈ, ஜேவிபி, யூஎன்பி, எஸ்ரிஎஃப், ஐபிகேஎஃப், யூஎன், ரோ, சிஐஏ என்று ஒவ்வொரு சுருக்கப் பெயருக்கும் ஓரிரு வரியில் நக்கலாக விளக்கம் தருகிறது. நல்லவர்களைத் தேடாதே, அப்படி ஒருத்தருமில்லை என்ற தொனியில் முடிகிறது.

நகைச்சுவை என்ற அளவில் அந்தப் பக்கம் கூர்மையானது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சத்தமாக வாசித்தபோது எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "சேர், இது எங்கட கதையா, இல்ல எங்களப் பத்தி அன்ட்ரூவுக்குச் சொன்ன கதையா?" விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள், அரசாங்கம் நடத்தியவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். கிழக்கின் முஸ்லிம்கள் இல்லை. மலையக மக்கள் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. இதை நாவலாசிரியரின் ஓரவஞ்சனை என்று நான் சொல்ல வரவில்லை. மாலி எழுதுகிற கடிதம் அது, மாலி கொழும்பான். சுருக்கப் பெயர்களின் பட்டியல் என்ற வடிவமே, பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளாதவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. வெளியாளுக்கு நாட்டை விளக்கப் போகிறவன், விளக்குவதற்கு வசதியானவர்களைத்தான் முதலில் எடுப்பான்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு மூதாதை எங்கள் கொட்டியாரக் குடாவிலேயே உண்டு. 1660இல், பாய்மரம் பழுதுபட்ட கப்பலோடு கொட்டியாரத்தில் ஒதுங்கிய ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் மூதூர்ப் பகுதியில் வைத்துக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பி ஓடி, 1681இல் லண்டனில் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். நெல், யானை, அரசன், பேய், பிணம் எல்லாவற்றுக்கும் அதில் விளக்கம் உண்டு. எல்லா விளக்கமும் இங்கிலாந்து வாசகனைப் பார்த்துத்தான். மாலி அன்ட்ரூவுக்கு எழுதுகிற கடிதம் அந்தப் பாதையில்தான் வருகிறது. வித்தியாசம் ஒன்று: இப்போது எழுதுகிறவன் இந்த மண்ணின் பிள்ளை. அதனால் விளக்கத்தையே அவனால் கேலி செய்ய முடிகிறது. கடிதத்தின் நக்கல், அன்ட்ரூவைப் பார்த்த நக்கலும்தான்.

உரை என்றால் நமக்கு என்ன

தமிழ் படித்தவனுக்கு உரை புதிதல்ல. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் அடியார்க்குநல்லாரும் இல்லாமல் நமக்கு இலக்கியக் கல்வியே இல்லை. முஸ்லிமுக்கும் அது புதிதல்ல. மத்ரஸாவில் கிதாபின் நடுவே மூலமும் சுற்றிவர ஓரத்தில் ஷரஹும் ஹாஷியாவும் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே ஓதினார்கள் நம் ஆலிம்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குச் செய்குத்தம்பிப் பாவலர் உரை செய்தார். இந்த மரபில் உரைகாரர் வெறும் சொற்பொருள் சொல்கிறவர் அல்லர். பாடத்தைத் தன் காலத்து வாசகர் முன் நிறுத்துகிறவர்; உடன்படாத இடத்தில் மறுத்துப் பேசவும் செய்வார்.

உமறு செய்ததை இங்கே நினைத்துப் பார்ப்பது பயன் தரும். அறபு நாட்டைப் பாட வந்தவர் வயலும் வாய்க்காலுமாக மருத நிலத்தைப் பாடினார். மக்காவில் ஏது நெல்வயல் என்று அடிக்குறிப்புப் போடவில்லை. தன் கேட்போர் யாரென்று அவருக்குத் தெரியும். கருணாதிலகவின் திருத்தம் இதற்கு எதிர்த் திசையில் போகிறது: உள்ளூரில் தெரிந்ததை வெளியூரான் தெரிந்துகொள்ளும்படி செய்வது. இரண்டும் மொழிபெயர்ப்பு வேலைதான். முதலாவதில் வாசகர் வீட்டிலேயே இருக்கிறார். இரண்டாவதில் வாசகர் விருந்தாளி. வீட்டுக்காரர்களாகிய நாம் விருந்தாளிக்குச் சொல்லப்படுவதை ஒட்டுக் கேட்கிறோம்.

ஒட்டுக் கேட்கிற நிலையிலிருந்து எழுந்து வந்து உட்கார ஒரு வழி உண்டு. நம் பக்கத்திலிருந்து நாமே குறிப்பு எழுதுவது. ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 'பாதை' கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த வாக்கியம் விளங்காது. அவருக்குப் பாதை என்றால் வழி. வழி எப்படிக் கவிழும்? இங்கே பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறை கடக்கிற மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை எங்கள் மாவட்டத்தில் இரண்டு தலைமுறையின் நாள் அட்டவணையே அந்தப் பாதையால்தான் ஓடியது. 'மிதவை' என்று ஒரு சொல்லில் பொருள் எழுதினால் சொல் விளங்கும். பாலம் இல்லாத ஊரும், பிள்ளைகள் ஏன் அதில் ஏறினார்கள் என்பதும் விளங்கா. பண்பாட்டுக் குறிப்பு என்று நான் சொல்வது அந்த இரண்டாவதை.

இனி இந்த நாவலுக்கு எங்கள் வட்டத்தில் எழுதிப் பார்த்த குறிப்புகளில் நான்கை எடுத்து வைக்கிறேன்.

ஒன்று: செத்தவனை விளித்தல்

நாவல் முழுவதும் முன்னிலையில் நடக்கிறது. 'அவன் போனான்' என்று இல்லை. 'நீ போகிறாய்' என்றே செத்தவனைப் பார்த்துப் பேசுகிறது. ஆங்கில விமர்சகர்கள் இதைத் துணிச்சலான உத்தி என்று பாராட்டுகிறார்கள். எங்களுக்கு அது பழகிய குரல். மய்யித்தை அடக்கிய பிறகு கபுறடியில் லெப்பை நின்று ஓதுகிற தல்கீன் என்ன? இறந்தவரைத் தாயின் பெயரோடு சேர்த்து விளித்து, உன்னிடம் இரண்டு மலக்குகள் வருவார்கள், கேட்பார்கள், இப்படிச் சொல்லு என்று நேருக்கு நேர் பேசுவதுதானே. தல்கீன் ஓதலாமா கூடாதா என்ற சர்ச்சை நம் ஊர்களில் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. மண் போட்ட கையோடு ஒரு மனிதர் செத்தவரோடு பேசுவதை ஊர் முழுக்க நின்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதே என் குறிப்பு. தல்கீன் செத்தவருக்கு விடை சொல்லிக்கொடுக்கிறது. நாவலில் மாலிக்கு விடை சொல்லிக்கொடுக்க ஒருத்தரும் இல்லை. அவனைச் சுற்றி ஒரு ஜமாஅத் இல்லை. அந்த 'நீ'யின் தனிமை நமக்குக் கூடுதலாகவே உறைக்கும்.

தமிழில் பெயர்க்கப் போனால் இன்னொரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் நீயா, நீரா, நீங்களா? யாழ்ப்பாணத்தார் 'நீர்' என்று நடுவில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் அந்த நடு இடம் பெரிதாக இல்லை. எதைத் தெரிவு செய்தாலும், பேசுகிறவருக்கும் செத்தவனுக்கும் என்ன உறவு என்று மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுத வேண்டி வரும்.

இரண்டு: ஏழு

ஏன் ஏழு நிலவு? சிங்கள பௌத்த வீடுகளில் ஒருவர் இறந்தால் ஆறாம் நாள் இரவு பண ஓதி, ஏழாம் நாள் பிக்குமாருக்குத் தானம் கொடுத்து, அதன் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பார்கள். பக்கத்து வீட்டுச் சைவர்களுக்கு எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். நம் வீடுகளில் பலரும் இன்னும் ஏழாம் கத்தமும் நாற்பதாம் கத்தமும் ஓதுகிறார்கள். ஓதாதவர்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். செத்த பிறகும் ஒரு தவணை உண்டு, அதற்குள் இருப்பவர்கள் செய்ய வேண்டியது உண்டு என்ற எண்ணம் இத்தீவில் மதம் கடந்து கிடக்கிறது. நாவல் அந்தப் பொது நிலத்தில்தான் அத்திவாரம் போடுகிறது.

ஆனால் 'மாலி நிற்கும் இடம் பர்ஸக்' என்று ஒரு சொல்லில் குறிப்பு எழுதிவிட முடியாது. அல்முஃமினூன் அத்தியாயம் நூறாம் வசனம் சொல்லும் பர்ஸக், எழுப்பப்படும் நாள் வரை திரும்பி வர விடாத தடை. நாவலின் இடைவெளியிலோ செத்தவர்கள் காற்றில் ஏறித் திரிகிறார்கள், உயிரோடிருப்பவர் காதில் முணுமுணுக்கிறார்கள், ஒளிக்குள் போனால் மறுபிறப்பு எடுக்கிறார்கள். நமக்கு மறுபிறப்பு இல்லை. உவமை ஒத்துப்போகும் இடத்தைப் போலவே ஒத்துப்போகாத இடத்தையும் காட்டுவதுதான் நேர்மையான குறிப்பு. இல்லாவிட்டால் எல்லா மதமும் ஒன்றே என்ற சோம்பலான முடிவுக்கு வந்து சேர்வோம். அல்லது, இது ஷிர்க், வாசிக்காதே என்ற அவசரமான முடிவுக்கு.

மூன்று: காசிம்

மாலியைத் தேடி வரும் பொலிசார் இருவர்: ரஞ்சகொட, காசிம். அன்ட்ரூவின் பட்டியலில் இடமில்லாத முஸ்லிம், கதைக்குள் பொலிஸ்காரராக வந்து நிற்கிறார். கூட்டாளியை விட மனச்சங்கடம் கூடியவர்; ஆனாலும் நடப்பதை நிறுத்துகிறவர் இல்லை. லண்டன் வாசகனுக்கு அவர் ஒரு துணைப் பாத்திரம். கிழக்கிலங்கை வாசகருக்கு, 1990 என்ற ஆண்டையும் காசிம் என்ற பெயரையும் பொலிஸ் என்ற உடுப்பையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் வேறொன்று ஞாபகம் வரும்.

அந்த ஆண்டு மார்ச்சில் இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு கப்பலேறியது எங்கள் துறைமுகத்திலிருந்து. ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசாரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுள் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். இவற்றில் எதையும் நாவல் சொல்லவில்லை என்று குறை சொல்லக்கூடாது. அது கொழும்பில் ஏழு இரவுகளின் கதை. ஆனால் குறிப்பு சொல்லலாம். காசிமின் பெயருக்குக் கீழே ஓர் எண் போட்டு, இந்த ஆண்டில் இந்தப் பெயருடையவருக்கு இந்த உடுப்பு என்னவாக இருந்தது என்று எழுதலாம்.

நாவலிலேயே அதற்கு ஒரு வாசலும் உண்டு. மறு உலகில் மாலிக்கு வழிகாட்ட வருகிற டொக்டர் ராணி, 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை முன்மாதிரியாகக் கொண்டவர். 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவர் அவர். அவர் சேர்ந்து தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் அறிக்கைகளே, அடுத்த ஆண்டு கிழக்கில் முஸ்லிம்களுக்கு நடந்ததையும் எழுதி வைத்தன. ராணிக்கு எழுதும் குறிப்பும் காசிமுக்கு எழுதும் குறிப்பும் இப்படி ஒன்றோடொன்று கை கோக்கும்.

நான்கு: உடல்

மாலியின் உடலுக்கு அடக்கம் இல்லை. வாவியில் கிடக்கிறது. இதை நாவல் கறுப்பு நகைச்சுவையாக எழுதுகிறது, நன்றாகவும் எழுதுகிறது. நாவலின் முதல் உருவம் வந்த 2020ஐ நாம் எப்படிக் கழித்தோம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தலால் கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பது கட்டாயமாயிற்று. பிறந்து இருபது நாளான குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு பிணத்துக்கு எது உரியது என்று அரசாங்கம் தீர்மானித்த காலத்தைக் கடந்து வந்த சமூகம், பேர வாவிப் பக்கங்களை மற்றவர்கள் வாசிப்பது போல் வாசிக்க முடியாது. சிரிப்பு வரும்; பாதியில் நிற்கும். அந்த நிற்கும் இடத்தை எழுதி வைப்பது விமர்சனத்தின் வேலை.

நம் பக்கத்து ஓரம்

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது வட்டத்திலேயே எழுந்தது. ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் கேட்டார்: "மாலிட வாழ்க்க நம்மட மார்க்கத்துக்கு ஒத்து வராதே. இதப் பிள்ளையளுக்கு எப்படிக் காட்டுற, தம்பி?" நியாயமான கேள்வி. "பாடசாலைக்கு இல்ல நானா, வளர்ந்தவங்களுக்குத்தான்" என்றேன். ஆனால் குறிப்பெழுதுகிறவர் அந்த விஷயத்தைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. மாலி மறைத்து வாழ்வதிலிருந்துதான் கதையின் முடிச்சே விழுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லி, நம் மார்க்கத்தின் நிலைப்பாட்டையும் மறைக்காமல் சொல்லி, தீர்ப்பை வாசகரிடம் விடலாம். மூலத்தை வெட்டிவிட்டு உரை எழுதிய மரபு நமக்கு இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. நம் பக்கத்திலிருந்து எழுதுவது என்றால் நமக்கு நடந்ததை மட்டும் எழுதுவதா? காத்தான்குடியை எழுதுகிற பேனை வீரமுனையையும் எழுத வேண்டும். அதே 1990 ஓகஸ்ட்டில் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு உண்டு. அதை விட்டுவிட்டுக் காசிமுக்குக் குறிப்பு எழுதினால், நாமும் அன்ட்ரூவுக்குத்தான் எழுதுகிறோம். வசதியானதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். மாலியின் கடிதத்தில் ஒரு வரம்பும் ஒரு நேர்மையும் சேர்ந்தே இருக்கின்றன. வரம்பு, பட்டியலில் எல்லாரும் இல்லை என்பது. நேர்மை, பட்டியலில் இருக்கிற ஒருவரையும் அது தப்ப விடவில்லை என்பது. பட்டியலை நீட்டும்போது அந்த நேர்மையையும் நாம் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஒட்டுமொத்தமாக, இந்த நாவலை ஒரு வெற்றி என்றே மதிப்பிடுகிறேன். செத்தவர்களைக் கட்சி பார்க்காமல் ஒரே கந்தோரில் வரிசையில் நிறுத்தியது சின்ன வேலையல்ல. வெளிநாட்டு வாசகருக்காகத் திருத்தியது அதன் உயிரைக் குடிக்கவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எட்டாத கரைகள் உண்டு; நாங்கள் இருப்பது அவற்றில் ஒன்றில். ஆங்கிலம் தெரிந்தவர், தமிழ் படித்தவர், மார்க்கம் ஓதியவர் என்று மூன்று பேர் ஒரு மேசையில் இருந்தால் ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு மாலை போதும், குறிப்பெழுத. காத்தான்குடியில் ஒரு வட்டம், புத்தளத்தில் ஒன்று, பேருவளையில் ஒன்று என்று எழுதினால் ஒரே பக்கத்துக்கு வேறு வேறு ஓரங்கள் கிடைக்கும். எழுதிய குறிப்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: காசிம் பற்றிய நம் குறிப்பைக் காத்தான்குடியில் மகனைப் பறிகொடுத்த உம்மாவும் வீரமுனையில் புருஷனைப் பறிகொடுத்த அம்மாவும் வாசித்தால், இரண்டு பேரும் "இதில் பொய் இல்லை" என்று சொல்ல வேண்டும்.